வால் கனத்த முள்

முதல் உலக யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கம்பத்துக்கு மேற்கே மலைமேல் இருந்த ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் நான் சர்வே வேலை பார்த்தேன். காமயகவுண்டன்பட்டியில் பிறந்து தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் வேலைக்குச் சேரும்வரை அதில் ஏறியதில்லை. நிலம் அளக்க எனக்குச் சங்கிலி பிடித்தவரும் எங்கள் பக்கத்து ஆள். என்னைவிட ஏழு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். யுத்தத்தில் பட்டாளத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய்த் திரும்பியவர். அதைப் பற்றி அவராக வாய் திறக்கமாட்டார்.

எஸ்டேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கப் பாதை வெட்டவேண்டும் என்று எஸ்டேட் துரை சொல்லியிருந்தார். அதற்குத் தடம் பார்ப்பது எங்கள் வேலை. பழைய காம்பஸ் உடைந்துபோனதால் சீமையிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலப் பித்தளைப் பெட்டி, கண்ணாடிக்கு அடியில் நீல முள். அன்றுதான் அதை முதல் தடவையாக வெளியே கொண்டுபோனோம்.

காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. முகாமிலிருந்து கிழக்கே இரண்டு மைல் நடந்து மலையின் விளிம்புக்கு வந்தோம். கீழே வயல்கள் தெரிந்தன. காம்பஸுக்கு வேலையே வரவில்லை. மத்தியானச் சோற்றைப் பிரித்தபோது மேகம் இறங்கியது. நாலு வாய் சாப்பிடுவதற்குள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் முகம் மறைந்துவிட்டது.

முகாம் மேற்கே. காம்பஸைக் கையில் ஏந்தி நடக்கத் தொடங்கினேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இருபது அடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம்கூட ஆடவில்லை. அது எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது.

அரை மைல் போயிருப்போம். காலடியில் யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்தது. வலப்பக்கம் எங்கோ மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அண்ணனின் விரல்கள் என் தோளில் அழுந்தின. பேசாமல் இடப்பக்கம் ஒதுங்கி, புதருக்குள் வெகுநேரம் சுற்றி நடந்தோம். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் யானைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். சத்தம் தேய்ந்த பிறகு காம்பஸைப் பார்த்தேன். மேற்கே போகிறோம் என்றது. மறுபடி நடந்தோம்.

திடீரென்று முகத்தில் வெதுவெதுப்பான காற்று பட்டது. அதுவரை குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. இது கீழேயிருந்து வந்தது. என் காலில் இடறிய கல் ஒன்று முன்னால் உருண்டது. விழுந்த சத்தம் வரவில்லை.

"தம்பி, நில்லுங்க. அசையாதீக."

என் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எதிரில் இருந்தது பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு கிழக்கே. காம்பஸோ அதை மேற்கு என்றது.

பெட்டியைத் தரையில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். முள்ளும் கூடவே திரும்பியது. இன்னும் திருப்பினேன். ஒட்டவைத்ததுபோல அப்படியே வந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் அது மேற்கு என்றுதான் சொல்லியிருக்கும். அதை நம்பித்தான் அத்தனை தூரம் நடந்திருந்தோம்.

அண்ணன் கண்ணாடியருகே முகத்தை வைத்துப் பார்த்தார்.

"வாலு அடியில தட்டுது தம்பி. ஆப்பிரிக்காவுலயும் இப்பிடித்தேன் ஆச்சு. சீமையில முள்ளோட வடக்குத் தலை கீழ சாயுமாம், அதுக்காக வாலுல கம்பி சுத்தி அனுப்புறாகளாம். தெக்க வர வர தலை சாயாது, வாலு கனத்துப்போகும். அங்கன எங்க பட்டாளத்துத் துரை கம்பியக் கழட்டிப் போட்டாக."

"நீங்க கழட்டுங்கண்ணே."

அவர் கைகளைக் காட்டினார். என் கைகளைவிட அதிகமாக நடுங்கின. ஆப்பிரிக்காவில் கம்பியைக் கழற்றுவதற்கு முன்னால் வழி தவறிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

அவர் துண்டை விரித்து என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். பேனாக்கத்தி முனையால் வளையத்தை நெம்பிக் கண்ணாடியை எடுத்தேன். முள்ளின் வாலில் தலைமுடி கனத்தில் செம்புக்கம்பி மூன்று சுற்று இருந்தது. முள் வளைந்தால், அது உட்காரும் கூர் முறிந்தால், அங்கேயே கிடக்கவேண்டியதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுற்று பிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுற்றையும் பிரித்து முள்ளைத் திரும்ப வைத்தேன். வால் எழுந்தது. முள் நடுங்கி, ஆடி, அரைவட்டம் சுழன்று நின்றது. காற்று வந்த பக்கம் கிழக்கு என்றது.

திரும்பி நடந்தபோதுதான் பயம் அதிகமானது. ஒருமுறை ஏமாற்றியதை மறுபடி எப்படி நம்புவது? பத்தடிக்கு ஒருமுறை நின்று பெட்டியைச் சுழற்றிப் பார்த்தேன். மூங்கில் முறிகிற சத்தம் இன்னொரு தடவை, வெகு அருகில் கேட்டது. இருவரும் ஒரு மரத்தோடு ஒட்டி, அது போகும்வரை நின்றோம். பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ தகரம் தட்டுவது காதில் விழுந்தது. முகாமில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றியதற்குத் துரை கோபிப்பார் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் பெட்டியை வாங்கிச் சுழற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அந்த வாரம் அதை எடுத்துக்கொண்டு தனியாக வேட்டைக்குப் போவதாக இருந்தாராம்.

மறுநாள் மேகம் இல்லை. எங்கள் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். நான் நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அண்ணன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். என்னால் முடியவில்லை.

பின்னால் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பல வருஷம் இதே வேலை பார்த்தேன். அங்கே வந்த காம்பஸ்கள் அந்தப் பக்கத்துக்கென்றே சரிசெய்யப்பட்டவை. முள் ஒரு நாளும் தட்டவில்லை. ஆனாலும் காட்டுக்குள் போகுமுன் பெட்டியைத் தரையில் வைத்து ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்ப்பேன். கூட இருந்தவர்கள் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.