கயத்தை விட்டு நான் கரையேறவில்லை

கேரள மாநிலம் பிறந்ததற்கு அடுத்த கோடை அது. சித்தூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயது இருபதோ இருபத்தொன்றோ. மாமனார் இல்லை. என் கணவரின் அண்ணன்தான் குடும்பத்துக்குத் தலைவர், பெரியவர் என்போம். எதிரே நின்று அவரிடம் பேசும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

எனக்கு ஒரு வித்தை தெரியும். மூச்சுப் பிடித்து முங்குவேன். பிறந்த வீட்டுக் கிணற்றில் அண்ணன்மாரோடு குதித்துப் பழகியது. புகுந்த வீட்டில் அது வேறு விதமாகப் பயன்பட்டது. அப்போதுதான் ஏற்றத்தைக் கைவிட்டு ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தார்கள். கிணற்றின் அடியில் குழாய் வாயில் ஒரு ஃபுட்வால்வு இருக்கும். இலையும் பாசியும் அதில் அடைத்துக்கொண்டால் எஞ்சின் ஓடும், தண்ணீர் வராது. முங்கிப்போய் அதைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவேன். அடியில் கண் தெரிய வேண்டுமே என்று என் கணவர் சித்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் சொல்லி ஒரு கண்ணாடி செய்துகொண்டு வந்தார். இரண்டு டார்ச் லைட் கண்ணாடியை லாரி டியூப் ரப்பரில் பதித்து, ஓரத்தை அரக்கு வைத்து அடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போனால் கண்ணைப் பிடுங்குவது போல இழுக்கும். கழற்றியபின் அரை நாளைக்குக் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் இருக்கும். அக்கம்பக்கத்தில் எனக்கு ஆந்தை என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

கோடையில் எங்கள் ஆறு மணலாகிவிடும். அங்கங்கே பாறைக்குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். கயம் என்போம். ஆற்று மீன் அத்தனையும் மழை வரும்வரை அந்தக் கயங்களில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஒரு கயம், அரை மைல் மேலே இன்னொரு கயம்.

அந்த வருஷம் பக்கத்தில் கால்வாய் வெட்டும் வேலை நடந்தது. பாறை உடைக்க வெடிமருந்துத் தோட்டா வைப்பார்கள். அந்த வேலைக்கு வந்திருந்த வெளியூர் மேஸ்திரி ஒருவர் எப்படியோ எங்கள் பெரியவரிடம் பழக்கமானார். ஒரு நாள் ஊர் விருந்துக்கு மீன் வேண்டும் என்று பேச்சு வந்தது. மேல்கயத்தில் ஒரு தோட்டா போட்டால் போதும் என்றார் மேஸ்திரி. வெடி போட்டால் செத்த மீனில் பாதிக்கு மேல் மிதக்காது, அடியில் போய்விடும். அதை எடுக்க முங்குகிற ஆள் வேண்டும். பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் சந்தோஷமாகப் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை. என்னை ஆந்தை என்றவர்கள் எல்லாம் கரையில் நின்று பார்க்கப் போகிறார்கள் என்ற பெருமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

வெடித்தது. தரை ஒருமுறை அதிர்ந்தது. தண்ணீர் தெளிய ஒரு நாழிகை ஆயிற்று. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முங்கினேன். கெளுத்தி, கெண்டை, ஆரால், வாளை. கூடை கூடையாக மேலே கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கரையில் ஆரவாரம். "எங்கூட்டு அம்முணிக்கு மீனே தோத்துப் போகோணும்" என்று பெரியவர் சொன்னது காதில் விழுந்தது. அவர் வாயால் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

கடைசி முங்கலில் பாறை இடுக்கு ஒன்றுக்குள் கையை விட்டேன். இரண்டு பெரிய விரால், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போலக் கிடந்தன. விரால் குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் கூடவே இருந்து காவல் காக்கும். குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரியும். அந்தக் குஞ்சுகள் பாறைமேல் மிளகாய்த் தூளைக் கொட்டினது போலப் படிந்திருந்தன. சுற்றிலும் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன் தரை முழுக்க, நான் கூடையில் போடாமல் விட்டவை. நான் மேலே கொடுத்தது கொஞ்சம். அடியில் கிடந்ததுதான் அதிகம். அது கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

கை நிறையக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு மேலே வந்து பெரியவரிடம் நீட்டினேன்.

"இதைப் பாருங்க மாமா. அடியில பூராவும் இப்படித்தானுங்க கெடக்குது."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்காகும், கருவாட்டுக்குக்கூட ஆகாது. வீசிப்போட்டு வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைய விருந்தில் நான் மீன் சாப்பிடவில்லை. நான்கு நாளில் மேல்கயம் நாறத் தொடங்கியது. மாடுகள் அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் முன்னால் வர, பின்னால் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் எங்கள் வரப்பு வழியாக ஆற்றுக்கு நடந்தார்கள். மேஸ்திரி கையில் துணிப்பை. கீழ்க்கயத்துக்கு வேறு வழி கிடையாது.

களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர்களைத் தாண்டிப்போய்க் கயத்தில் குதித்தேன். நடுவில் ஒரு பாறை முங்கிக் கிடப்பது எனக்குத் தெரியும். அதன்மேல் நின்றால் கழுத்தளவு தண்ணீர். நின்றுகொண்டேன்.

கரைக்கு வந்த பெரியவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன அம்முணி, இப்ப முங்க வேண்டாம். வெடி போட்ட பொறகு எறங்கு. மேல வா."

"வரமாட்டனுங்க மாமா."

"என்ன பேச்சு இது?"

"மேக்கயத்துல அடியில கெடந்தத நீங்க பாக்கலைங்க, நாம் பாத்தேன். இங்கயும் அதையே செய்யறதுன்னா நாங் கரையேற மாட்டேன்."

அவர் முகம் கறுத்தது. வெளியாட்கள் முன்னால் தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசிவிட்டாள். "நாலு பேர் முன்னால மானத்த வாங்காத. ஏறு மேல" என்றார். நான் அசையவில்லை.

மேஸ்திரி சிரித்தார். "திரியைப் பத்த வச்சா தானா ஓடி வரும், பாருங்க" என்று சொல்லிப் பையிலிருந்து தோட்டாவை எடுத்தார். விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். பீடியை வாயிலிருந்து எடுத்துத் திரியில் வைத்தார். புகை வந்தது.

பயமில்லாமல் நின்றேன் என்று சொன்னால் அது பொய். தண்ணீரில் வெடித்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன், எனக்கும் அதேதான் ஆகும். கரைக்கு நீந்த எட்டுக் கைவீச்சு போதும். ஆனால் நான் ஏறிய மறு நிமிஷம் அந்தத் தோட்டா கயத்துக்குள் விழும். அதுவும் தெரியும். கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் ஓடுவேன் என்று காத்திருந்த மேஸ்திரியின் முகம் மாறியது. பற்றவைத்த திரியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கை கயத்தின் பக்கமே ஓங்கியது.

"ஆள் நிக்குதுடா தண்ணிக்குள்ள" என்று பெரியவர் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். தோட்டா அந்தப் பக்கத்து மணலில் போய் விழுந்தது. எல்லாரும் குப்புற விழுந்தார்கள். அது வெடித்தபோது மணலும் கூழாங்கல்லும் மழை மாதிரி என் தலைமேல் விழுந்தன. காது இரண்டும் அடைத்துவிட்டது.

பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். மேஸ்திரியைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மூன்று பேரும் வந்த வழியே போனார்கள். பெரியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். ஆனால் கோபம் தீரவில்லை. அன்று மாலையே வீட்டில் தீர்ப்பு வந்தது. இனி நான் கிணற்றிலோ ஆற்றிலோ இறங்கக்கூடாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் கணவரை நிறுத்திவைத்துச் சொன்னார். என் கணவர் அண்ணன் சொல்லைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ செஞ்சதுல தப்பு என்னன்னு எனக்குத் தெரியலீங்கண்ணா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்குப் போதும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானும் சோற்றைப் பரிமாறிவிட்டு வாய் திறக்காமல் வந்துவிடுவேன்.

பத்து நாள் கழித்து எஞ்சினில் தண்ணீர் நின்றுபோனது. ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. ஊரில் இரண்டு பேரைக் கூட்டிவந்து இறக்கினார்கள். ஒருவர் பாதியிலேயே மேலே வந்துவிட்டார். இன்னொருவருக்கு மூக்கில் ரத்தம். மூன்றாம் நாள் கடலைச் செடி தலை சாய்ந்தது. பெரியவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"அம்முணி, கெணத்துல சித்த எறங்கோணும்."

நான் அடுப்பை விட்டு எழுந்தேன். "எறங்கறனுங்க. ஆனா நம்ம வரப்பு வழியா வெடி கொண்டு போறவங்கள இனி விடக்கூடாதுங்க."

"எங்கிட்டயே பேரம் பேசறயா?"

"நீங்க எப்படி வேணா சொல்லிக்குங்க மாமா."

வாயிலிருந்த வெற்றிலையை வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "வரப்புல முள்ளப் போட்டு அடச்சர்றேன். போதுமா?" என்றார்.

"இன்னொண்ணுங்க. நீங்க ஒருக்கா அந்தக் கண்ணாடியப் போட்டுக் கயத்துக்குள்ள பாக்கோணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றே இறங்கி வால்வைச் சுத்தம் செய்தேன். தண்ணீர் பாய்ந்தது. மறுநாள் விடிந்ததும் கண்ணாடியும் கையுமாக ஆற்றுப் பக்கம் போனவள், பெரியவர் எனக்கு முன்பே அங்கே நிற்பதைப் பார்த்தேன். "கொண்டா அதை" என்று கையை நீட்டினார். கண்ணாடியைக் கட்டிவிட்டேன். பாறையில் மண்டியிட்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தார். மூச்சு முட்டி நிமிர்ந்தார், மறுபடி வைத்தார். நாலைந்து தடவை. கடைசியில் மீசையில் தண்ணீர் சொட்ட, "செவப்பா ஒரு கூட்டம் போகுது. பின்னாலயே ரெண்டு பெருசு" என்றார். தப்பு செய்துவிட்டேன் என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்று மத்தியானமே வரப்பில் முள் விழுந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மற்ற கயங்களில் அந்தக் கோடை முழுக்க வெடி கேட்டது. இரண்டு ஊர்களுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு ஊரில், "தண்ணிக்கு அடியில நடக்கறதுக்கு நீ ஒருத்திதான் சாட்சியா" என்று கேலி செய்து அனுப்பினார்கள். ஆமாம், நான்தான் சாட்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு ஊரில் இரண்டு பெண்கள் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். பிற்பாடு அவர்களும் நானுமாகச் சேர்ந்து, மாசி மாதம் ஆற்றில் தண்ணீர் வற்றுவதற்கு முன்பே முள்மரக் கிளைகளில் கல்லைக் கட்டிக் கயத்தின் அடியில் இறக்கி வைப்போம். வலை வீசினால் மாட்டிக் கிழியும், குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் ஆகும். திட்டு நிறைய வாங்கினோம். விடவில்லை.

சமீபத்தில் டி.வி.யில் பார்த்தேன். முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு இளம்பெண்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள். பவளப்பாறையில் சிக்கிய வலைகளை அறுத்து எடுக்கிறார்கள், அடியில் எத்தனை மீன் மிச்சம் என்று எண்ணிக் கரையில் வந்து சொல்கிறார்கள். நான் கடலைப் பார்த்ததே மூன்று தடவைதான். ஆனாலும் அந்தப் பெண்கள் யாரென்று எனக்குத் தெரியும். உனக்கு எதற்கு இந்த வேலை என்று அவர்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். மேல்கயத்தில் நான் அள்ளிக் கொடுத்த அந்த மீன்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டவளுக்கு, பார்க்காதவள் மாதிரி கரையில் நிற்க உரிமை கிடையாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.