கொடி விழுந்த மத்தியானம்

எண்பத்தெட்டு வாக்கில், மாசிக் கடைசியில் நடந்தது இது. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தாய்வீட்டில் பார்க்க ஆளில்லாததால், தலைப்பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டேன். பையன். நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் தொப்புளில் ஒட்டிக்கொண்டிருந்த கொடித்துண்டைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்கும். கறுத்துச் சுருங்கி, தொட்டால் பிய்ந்து வந்துவிடுமோ என்றிருக்கும். எதையும் பூசாதே, ஈரம் படாமல் காயவிடு, தானாக விழும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். சொல்வது சுலபம். நினைத்த நேரம் ஒண்ணுக்குப் போகிற பிள்ளையிடம் போய் யார் சொல்வது?

அது மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். வீடே மிளகாய்க் கொல்லையில் கிடந்தது. மிளகாய் பறித்த கை எத்தனை சோப்புப் போட்டாலும் எரியும். அந்தக் கையால் பச்சைப்பிள்ளையின் தொப்புளைத் தொட முடியுமா? எனக்கோ காய்ச்சல். மாமியாருக்கு வேறு வழியில்லை. சமையலுக்காக வீட்டில் இருந்த மூத்த மருமகளிடம் பிள்ளையை விட்டார். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. விழுந்த கொடியைப் பிள்ளையில்லாதவள் வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினால் வயிறு திறக்கும். ஆனால் கொடிக்குச் சொந்தக்காரப் பிள்ளைக்கு ஆகாது, சீக்கில் விழும் என்பார்கள். மாமியார் கொல்லைக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னிடம், "கொடி விழுந்தா ஒங்கையில வாங்கி வச்சுக்க. அவகிட்ட விட்டுறாத" என்பார். அக்காவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

அக்கா காதிலேயே வாங்காதவள் போல வேலையைப் பார்ப்பாள். காற்றுப் படட்டும் என்று துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுவாள். நனைந்துவிட்டால் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, விசிறியால் மெல்ல வீசிக் காயவைப்பாள். பிள்ளை பார்க்க வந்த ஒருத்தி சாம்பல் வைக்கலாம் என்று அடுப்படிப் பக்கம் போனதும், "வேணாம்த்தா, நர்ஸம்மா ஏசும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் துணி மாற்றும்போது கொடி விழுந்துவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயம்தான். அந்த நம்பிக்கை எனக்கும் இருந்ததே! ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நீயே வச்சுக்க. கோழி கொத்திருச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? இம்புட்டு நாளா ஈரம் படாம நாந்தான பாத்தேன். என்னால இவனுக்கு ஒரு சீக்கு வரணுமா? எனக்கு இருக்குன்னா அது வேற வழியில வரட்டும்."

வெள்ளைத் துணியில் முடிந்து வைத்து, சாயங்காலம் மாமியார் வந்ததும் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்து, "முழுசாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"முழுசாத்தான் இருக்கு, அத்த."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நாந்தான் வச்சுக்கச் சொன்னேன். அக்கா வேணாம்னுருச்சு" என்று போட்டு உடைத்துவிட்டேன். நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். மாமியார் துணியை மறுபடி முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். கொடியைப் பிள்ளைக்குத் தாயத்தில் அடைத்து வாங்கி வந்த அன்றைக்கு, அதை அக்கா கையில் கொடுத்து, "நீயே கட்டிவிடு தாயி" என்றார்.

அக்காவுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அதை விழுங்கியிருந்தாலும் பிறந்திருக்காது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அவளுக்குத் தெரியாதே. பிறக்கும் என்று நம்பிக்கொண்டேதான் வேண்டாம் என்றாள். என் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை விட்டுக்கொடுத்தவள் அவள்.