துண்டுக்குள் பிடித்த கை

சென்னிமலையின் வலக்கை துண்டுக்குள் இருந்தது. எதிரே நின்ற மாட்டுக்காரரின் விரல்களை அழுத்தி அழுத்தி விலை பேசிக்கொண்டிருந்தது. மாட்டுச் சந்தையில் தரகர் வாயால் விலை சொல்வதில்லை. கையைத் துண்டால் மூடி, எதிராளியின் விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் பத்து ரூபாய். பிடித்த பிடியை மாற்றக் கூடாது. பேச்சு முடியுமுன் கையை உருவினால் பேரம் முறிந்தது என்று பொருள்.

அன்று அவர் பேசியது காளியண்ணன் என்ற விவசாயிக்காக. மூன்று விரலோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேல்வயிற்றில் கத்தி சொருகியது போல ஒரு வலி. வலிக்கிறவன் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்வான். சென்னிமலை ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்.

“முடிஞ்சதுங்க!” என்று மாட்டுக்காரர் துள்ளினார்.

ஐம்பது ரூபாய் கொடுத்து மாட்டை ஓட்டிப்போன காளியண்ணன் சும்மா போகவில்லை. “அவங்கூடச் சேந்துக்கிட்டு என்னை ஏமாத்திப் போட்டயே! இனி உன்ற துண்டுக்குள்ள எவன் கையை உடுவான்?” என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அப்படியே ஆயிற்று. பதினாறு வயதில் தகப்பனாரின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிலுக்கு வந்தவரை அடுத்த சந்தையில் ஒருவரும் கூப்பிடவில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் நான் அப்போது நர்ஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். சென்னிமலை மனைவி வள்ளியாத்தாளோடு வந்து நின்றார்.

“வயிறு கெடக்குது உடுங்க நர்சம்மா. கை தானாப் புடிக்காம இருக்க மருந்து குடுங்க.”

டாக்டர் குடல் புண் என்றார். மணிக்கொரு தரம் பால், நடுநடுவே மக்னீசியாவும் சோடாவும் கலந்த வெள்ளைப் பொடி. மிளகாய், கள், புகையிலை கூடாது. அந்தக் காலத்து வைத்தியம் இதுதான். வயிற்றில் ஊறும் புளிப்புத் தண்ணீர் புண்ணை அரிக்கிறது, பொடி அந்தப் புளிப்பை அடக்கினால் புண் தானே ஆறும் என்று விளக்கினேன்.

“நொகம் பட்டுப் பட்டு மாட்டுக் கழுத்து புண்ணாகறாப்பல. நொகத்தை எறக்குனாத்தான் ஆறும். அப்படித்தானுங்களே?”

“அதேதான். மாடு கட்டுன எடத்துல நிக்கும். நீங்க நிப்பீங்களா?”

வள்ளியாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். “நான் கட்டி வெக்கறேனுங்க நர்சம்மா!”

சந்தை வெயிலில் பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். அதனால் அவள் கறவை ஆட்டையே சந்தைக்கு ஓட்டிவந்தாள். பச்சைப் பால் குடித்தால் வேறு நோயோடு வருவீர்கள் என்று நான் மிரட்டியிருந்தேன். சோற்றுக்கடை அடுப்பில் காய்ச்சிக் கொடுத்தாள்.

“ஏனுங்க தரகரே, மாட்டுத் தரகு போயி இப்ப ஆட்டுத் தரகுங்களா?” என்று ஒரு வியாபாரி கேட்டார்.

“பால்குடி மறக்காத கொழந்தைப்பா, அழ வெக்காதீங்க!” என்றார் இன்னொருவர்.

வலி குறைந்தது, கேலி குறையவில்லை, தொழிலும் திரும்பவில்லை. கடைசியில் தன் சொந்தக் காளைக்கன்றையே விற்கக் கொண்டுவந்தார். நான் அன்று அம்மை குத்தச் சந்தைக்குப் போயிருந்தேன். கன்று காளியண்ணனுக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் வீம்பு.

“வா, துண்டைப் போடு. வலி வாரவரைக்கும் நானும் உடறதில்லை.”

துண்டுக்குள் இழுத்தடித்தார். பால் நேரம் போயிற்று, பொடி நேரமும் வந்தது. சென்னிமலைக்கு நெற்றியில் வியர்வை. கையை உருவினால் இவர் கை தரகுக்கு ஆகாது என்பது ஊரறிந்துவிடும். இடக்கையிலோ கன்றின் கயிறு.

“வள்ளியாத்தா, பொடி!”

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். “ஆ காட்டுங்க.” வாயில் கொட்டினாள். தண்ணீர் வார்த்தாள். அடுத்து ஒரு டம்ளர் பால். வெள்ளையான மீசையை முந்தானையால் துடைத்து, “ஏப்பம் உடுங்க” என்றாள். அவர் விட்ட ஏப்பத்துக்கு ஆடு பதில் கத்தியது.

சந்தையே சிரித்தது. காளியண்ணனும் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நின்றார். முகம் வெளுத்துவிட்டது. குலுங்கிய குலுக்கலில் ஐந்து விரலையும் பற்றியிருந்தார்!

துண்டுக்குள் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சென்னிமலை மெல்லத் தன் இரண்டு விரலை விடுவித்துக்கொண்டு, “மூணு. முடிஞ்சதுங்க” என்றார்.

“பொய்யி!” என்று கத்தினார் காளியண்ணன். “நான் புடிச்சது அஞ்சு. இவன் மூணுக்கு உட்டுட்டான்!”

“சிரிப்புல புடிச்சது கணக்குல வருமுங்களா?”

காளியண்ணன் தலையைச் சொறிந்தார். “வலில புடிச்சதும் வராதுதானப்பா. அன்னிக்கு எனக்குத்தான் வெளங்கல.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறந்ததும் சென்னிமலை பொடி வாங்க வந்தார். ஆட்டையாம்பட்டியில் ஓர் உழவுமாட்டு ஜோடி பார்க்கப் போகிறார்களாம். காளியண்ணனுக்காக இவர்தான் பேசவேண்டுமாம். வெளியே காளியண்ணன் ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொட்டலங்களை மடித்துக் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன்:

“வழியில கள்ளுக்கடை வந்தா ஆட்டை உட்டுட்டு ஆளைப் புடிங்க.”

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.