சலாமுக்குப் பிறகு ஆடும் ஊசி

காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, கெசட் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் காலிதீன் காக்கா. வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்தால் இதுதான் வேலை. குச்சியில் ஊத்தை வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வந்தால் ஒரு நம்பிக்கை, வராவிட்டால் முகம் வாடிவிடும். அந்தக் குச்சி எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும் அவர் ஒருநாளும் பாவித்ததில்லை.

கல்முனைக்குடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். டெக், அம்பிளிஃபயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் என்று அந்தச் செட்டை அவர் சவூதியில் இருந்து வரும்போது கொண்டுவந்தார். வந்தவர் சம்மாந்துறை அரிசி மில்லில் இயந்திரம் ஓட்டப் போனார், முப்பது வருடம். அந்த இரைச்சலுக்குள் அவர் எதைத் தொலைத்துவிட்டு வந்தார் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். "என்ட காதுக்கு ஒரு குறையுமில்ல. ஆக்கள்தான் இப்ப வாய்க்குள்ள கதைக்கிறாங்க" என்பார்.

செட்டில் அவர் கைவைக்காத வருடமில்லை. பெல்ட் மாற்றினார், ஹெட் மாற்றினார், அம்பிளிஃபயருக்குள் இருந்த கெப்பாசிட்டர் அத்தனையும் மாற்றினார். ஸ்பீக்கருக்குப் புது டுவீட்டர், கட்டைவிரல் மொத்தத்தில் வயர். "பழைய செட்டுக்கு இவ்வளவு செலவழிக்கிறது பெறுமதியா காக்கா? புதுசொண்டு வாங்கினா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "புதுசில கெசட் போட ஏலுமா? இந்தக் காலத்துச் சாமான் குதிக்கும், கதைக்காது" என்றார். அவருக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கெசட் கதைத்தால் போதும்.

எண்பத்தொன்பதில் மனைவி றாஹிலா றியாதுக்கு அனுப்பிய கெசட் அது. கடிதத்துக்குப் பதிலாக இப்படிக் கதைத்து அனுப்புவது அன்றைய வழக்கம். எட்டுப் பேர் படுக்கிற அறையில் வெட்கத்தோடு மெதுவாக வைத்துக் கேட்டவர், மனைவி சலாம் சொல்லி முடித்ததுமே டப்பென்று நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்து, ஒருநாள் நிறுத்த மறந்தபோதுதான் கண்டார்: சலாமுக்குப் பிறகும் டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி ஆடியது. காதில் விழுந்ததோ உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும். "ஊசி ஆடுது, சத்தம் வரல்ல. அப்ப பிழை செட்டிலதானே?" வேறு எங்கே இருக்கப்போகிறது!

மனைவியிடம் கேட்டார். "மறந்து போச்சு" என்றுவிட்டார் றாஹிலா ராத்தா. மறக்க வழியே இல்லை. காலிதீன் காக்கா வொலியூமை முழுதாகத் திறந்து சோதிக்கும் ஒவ்வொரு வெள்ளியும், இருபத்திரண்டு வயது றாஹிலா எங்கள் ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் கேட்கக் குசுகுசுவென்று இரகசியம் சொல்கிறார்: "நீங்க கழட்டிப் போட்டுட்டுப் போன சாரத்த நான் இன்னும் கழுவல்ல."

ஒழுங்கைப் பெண்கள் சும்மா விடுவார்களா? றாஹிலா ராத்தா கொடியில் துணி காயப்போட வந்தால் போதும், "ராத்தா, அந்தச் சாரம் கழுவியாச்சா?" என்பாள் எதிர்வீட்டு ஹாஜறா. ராத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடுவார். "இஞ்சப் பாருங்க, சத்தத்தக் குறைங்களன், மானம் போகுது" என்று கணவரிடம் கெஞ்சினால், "ஓம் ஓம், சீனி கொஞ்சமாப் போடுங்க" என்று பதில் வரும். நாங்கள் யாராவது சொல்லியிருக்கலாம்தான். ஒரு மனிதரிடம் அவர் மனைவியின் இரகசியத்தை எந்த வாயால் சொல்வது?

போன மாதம் டெக்கைத் தூக்கிக்கொண்டு பசாரில் கிருஷாந்தனின் திருத்தும் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கிருஷாந்தன் கெசட்டைப் போட்டார். சலாம் முடிந்தது, ஊசி ஆடியது. கிருஷாந்தன் மேசையைப் பார்த்தார், பற்றரி வாங்க வந்தவர் கூரையைப் பார்த்தார், நான் றோட்டைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலிதீன் காக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்களுக்குக் கேட்டிச்சா தம்பி?"

"ஓம் காக்கா."

"எல்லாருக்குமா?"

கிருஷாந்தன் நல்ல மனிதர். இன்னொரு சாமானை அவர் தலையில் கட்டியிருக்கலாம். "மாத்த வேண்டிய சாமான் என்ட கடையில இல்ல காக்கா. காது டொக்டரிட்ட ஒருக்காப் போய்ப் பாருங்க" என்றார். காலிதீன் காக்கா டெக்கை என்னிடம் தராமல் தானே வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தார். நான் சிரித்திருக்கக் கூடாது.

இந்த வெள்ளி அவர் காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒரு கருவி இருந்தது. பள்ளிவாசலால் வரும் வழியில் ஓட்டோ ஹோர்னை முறைத்தார், காகத்தை முறைத்தார். வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில் வொலியூமை முழுதாகத் திறந்து கெசட்டைப் போட்டார். கத்தி இரவல் கேட்கிற சாட்டில் நான் வாசலில் நின்றேன். சலாம் வந்தது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஊசி ஆடியது.

சாரம் இன்னும் கழுவப்படவில்லை. எதிர்வீட்டில் ஹாஜறா சிரித்தாள்; அந்தச் சிரிப்பும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.  காலிதீன் காக்கா கெசட்டைப் பின்னுக்குச் சுற்றவிட்டு எழுந்து, ஹோலின் நான்கு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசியில் வாசலில் என்னைக் கண்டார். கதவையும் சாத்தினார்.