ஆறு மூட்டையும் ஒரு கோட்டும்

அந்தத் தையல்காரிக்குச் சபையில் 'கத்திரி' என்று பெயர். துணி வெட்டுவதால் வந்த பெயர் என்று நினைத்தால் அது உங்கள் அப்பாவித்தனம். அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் இரண்டு துண்டு. முப்பது வருடமாக ஒரே மெஷின், ஒரே தெரு, ஒரே வாய். பாடகர் குழுவின் அங்கி, ஞானஸ்நானக் குழந்தைகளின் சட்டை, பீடத்து விரிப்பு எல்லாம் அவள் கைவேலைதான். கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பாள், கூடவே, "துவைக்கிறேன்னு முறுக்கிப் பிழிஞ்சு தொலைச்சிடாதீங்க" என்று நாலு திட்டும் கொடுத்தனுப்புவாள்.

கணவர் போய் ஆறு வருடம். அச்சகத்தில் மெஷின் ஓட்டிய மனுஷன், நெட்டை, பரம சாது. அவள் எவ்வளவு கத்தினாலும், "முடிஞ்சுதா? தண்ணி குடி" என்பார். அவர் போன பிறகு அவள் கோபத்துக்குப் போக்கிடம் இல்லை, நேராகக் கடவுள் மேல் திரும்பிவிட்டது. ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள். "சண்டை போட ஆள் வேணுமில்ல?" என்பாள்.

அதிலும் ஒரு பிரசங்கம் வந்துவிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காணிக்கைப் பெட்டியில் இரண்டே காசு போட்ட ஏழை விதவையின் கதை. போதகர் அதை ஆரம்பித்ததும் பாதிச் சபை கழுத்தைத் திருப்பி இவளைப் பார்க்கும். ஒருமுறை வாசலிலேயே அவரை மடக்கினாள்.

"ஏங்கய்யா, விதவைன்னா இருக்கிறதை எல்லாம் போட்டுடணும், மத்தவங்க உக்காந்து வேடிக்கை பாத்துட்டு ஆமென் சொல்லணுமா?"

போதகர் வயதில் சின்னவர். "அப்படி இல்லக்கா. முகமலர்ச்சியோட குடுக்கிறதுதான் ஆண்டவருக்குப் பிரியம்..."

"எனக்கு முகம் மலராது. பொறக்கும்போதே இப்படித்தான்."

இப்படி இருக்கையில்தான் ஒரு புதன்கிழமை, பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் கேஸ் சிலிண்டர் வெடித்து நாலு குடும்பம் கட்டிய துணியோடு தெருவுக்கு வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த நாலில் ஒன்று ஒரு குட்டை மனிதரின் வீடு. எட்டு மாதம் வேலையில்லாமல் அலைந்து, அப்போதுதான் ஒரு பெரிய ஓட்டலின் விருந்துக்கூடத்தில் பரிமாறும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் சொந்தக் கறுப்புக் கோட்டோடு வந்து நிற்க வேண்டும். வாங்கி வைத்த கோட்டு சாம்பலாகிவிட்டது. ஒரு வாரம் தவணை கேட்டுப் போனார். கோட்டு இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சபையில் துணி சேகரித்தார்கள். ஞாயிறு பள்ளி அறை வெள்ளிக்கிழமைக்குள் நிரம்பிவிட்டது. மரக்கடை முதலாளியின் மனைவி மட்டும் வேன் வைத்து ஆறு மூட்டை அனுப்பினார். அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் முதலில் ஏறியது. பிரித்து அடுக்கும் வேலை கத்திரிக்கு.

வந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஜிப் இல்லாத பேண்ட். அடுத்து அக்குள் கிழிந்த சட்டை. ஒற்றைக் கால் சாக்ஸ், ஜோடியைக் காணோம். பூஞ்சை பிடித்த ஸ்வெட்டர். குழந்தைக் கவுன் ஒன்று, முன்னால் பெயிண்ட் கொட்டியிருந்தது.

ஒரு விஷயத்தை இந்த மகராசிகள் மறந்துவிட்டார்கள். தையல்காரிக்குத் தன் தையல் தெரியும். அந்தப் பேண்டின் இடுப்பை மூன்று தடவை பிரித்து விட்டவளே இவள்தான், மரக்கடை முதலாளியின் தொப்பை வளர்ந்த வரலாறே அந்த இடுப்பில் இருந்தது. கவுன் பாடகர் குழுத் தலைவியின் பேத்தியுடையது. சட்டை பள்ளிக்கூட வாத்தியாருடையது, காலரைத் திருப்பி வைத்துத் தைத்ததும் இவள்தான். ஒவ்வொன்றும் யார் வீட்டுக் குப்பை என்று ஆள் அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தது.

"தூக்கிப் போட சோம்பேறித்தனம், அதுக்குக் கடவுள் பேரு!" பேண்டைச் சுவரில் விட்டெறிந்தாள். "வெந்து போன குடும்பத்துக்கு இதையா குடுப்பாங்க? நாய்கூட இதுல படுக்காது!"

மூலையில் நோட்டும் பேனாவுமாக நின்ற போதகர், "மெதுவாக்கா, வெளியில கேக்கும்" என்றார்.

"கேக்கட்டும்! கேக்கத்தான் கத்துறேன்!"

மரக்கடை வீட்டு ஆறு மூட்டையோடு மற்ற எல்லாவற்றையும் கடைசிவரை கிளறிவிட்டாள். கறுப்புக் கோட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் நல்ல கறுப்புக் கோட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மிக நன்றாகத் தெரியும்.

அது அவள் வீட்டு அலமாரியில், வெள்ளைத் துணி உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கணவருக்காக அவளே பதினெட்டு நாள் தைத்தது. உள்ளே கருஞ்சிவப்பு லைனிங், பித்தளைப் பட்டன், காலர் முழுக்கக் கைத்தையல். அவர் அதை இரண்டே தடவை போட்டார், மகன் பட்டம் வாங்கிய அன்று ஒன்று, ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒன்று. அவர் இறந்தபோது சொந்தக்காரர்கள் அந்தக் கோட்டைப் போட்டு அனுப்பலாம் என்று எடுத்துக் கட்டிலில் வைத்தார்கள். இவள் பிடுங்கிக்கொண்டாள். "மண்ணுக்குள்ள போறதுக்கா பதினெட்டு நாள் கண்ணு நோகத் தைச்சேன்? மகன் கல்யாணத்துக்குப் போடட்டும்!" பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாத்தனாரோடு நடந்த சண்டையைச் சபை இன்றும் பேசும். மகனும் அப்பாவைப் போல நெட்டை, அளவு அப்படியே பொருந்தும். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்.

சனிக்கிழமை காலையில் உறையைப் பிரித்துக் கோட்டை மேஜையில் போட்டாள். சாக்பீஸ் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"என்னையே ஏன் பாக்குற?" என்று கத்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, யாரிடம் கத்தினாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "மரக்கடையில அலமாரி அலமாரியாத் தொங்குது, அங்க போய்க் கேளு! புருஷனை எடுத்துக்கிட்ட. இப்ப அவரு கோட்டும் வேணுமா உனக்கு? வெக்கமா இல்ல?"

பதிலுக்குத் திங்கட்கிழமைதான் வந்துகொண்டிருந்தது.

கோட்டை அப்படியே கொடுத்துவிட முடிந்தால்கூட ஒரு நாள் திரும்பக் கேட்டு வாங்கலாம். ஆனால் அந்த மனிதர் குட்டை. கையிலும் கீழேயும் நாலு நாலு விரல், தோளில் இரண்டு பக்கமும் குறைக்க வேண்டும். வெட்டினால் வெட்டியதுதான், மகன் உடம்பில் அது இனி ஏறாது. கத்தரிக்கோலை வைத்து அழுத்தினாள். தன் கைத்தையலைத் தானே பிரித்தபோது வாய் விட்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே வெட்டினாள். கடைசியில் பித்தளைப் பட்டன்களை அறுத்துவிட்டுச் சாதாரணக் கறுப்புப் பட்டன் வைத்தாள், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று.

மத்தியானம் ஞாயிறு பள்ளி அறையில் அந்த மனிதருக்குப் போட்டுப் பார்த்தாள். அவர் கையை உள்ளே விடாமல் தயங்கினார்.

"அக்கா, இது அண்ணனோட கோட்டு இல்லையே? மகன் கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுவா இருந்தா எனக்கு வேண்டவே வேண்டாம். வேலை போனாலும் பரவாயில்லை."

"அதைத் தூக்கி உனக்குக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா? மூட்டையில வந்தது. பேசாம போடு."

போட்டார். சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார், பிறகு, "காலரு கொஞ்சம் அரிக்குதுக்கா" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயில் நாலு குண்டூசியோடு, முட்டி போட்டு அடி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மரக்கடை அம்மா போதகரோடு உள்ளே வந்தார். உதவி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வந்தாராம்.

"அட! நம்ம வீட்டுக் கோட்டுல்ல இது?" என்றார். "அவரோடது. எவ்வளவு நல்லாப் பொருந்துது பாருங்க!"

போதகர் கோட்டைப் பார்த்தார். முன்பக்கம் திறந்திருந்த இடத்தில் கருஞ்சிவப்பு லைனிங் தெரிந்தது. அன்றைக்குச் சாவு வீட்டில், அந்தச் சண்டைக்கு நடுவில் நின்றவர் அவர். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

கத்திரி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். மரக்கடை முதலாளியின் ஒரு தொடைக்குக்கூட இந்தக் கோட்டு காணாது. அதைச் சொல்லலாம். மூன்று தடவை இடுப்பு பிரித்த பேண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கலாம். முப்பது வருடத்தில் இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் அவள் வாய்க்குக் கிடைத்ததே இல்லை. தலைக்கு மேலே அந்த மனிதர், "உங்க வீட்டுதாம்மா? நிஜமா?" என்று கேட்டார். கை ஏற்கெனவே பட்டனில் இருந்தது. உண்மை தெரிந்தால் அந்த நிமிஷமே கழற்றிவிடுவார்.

"ஆமா," என்றாள் கத்திரி. "அம்மா அனுப்பின மூட்டையிலதான் இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தைக்கு, காலையில் கோட்டை வெட்டியபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது. சத்தியமாக வலித்தது.

மரக்கடை அம்மா பூரித்துப்போய் போனை போதகரிடம் நீட்டினார். குட்டை மனிதரின் பக்கத்தில் போய் நின்று தலையைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க கொஞ்சம் நகந்துக்கோங்கம்மா, போட்டோவுல விழறீங்க" என்றார் கத்திரியிடம்.

நகர்ந்துகொண்டாள்.

எல்லாரும் போன பிறகு போதகர் மட்டும் நின்றார். கண் கலங்கியிருந்தது. "அக்கா... நான் என்ன சொல்றதுன்னே..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. நாளைக்கு அந்த விதவை கதையை எடுத்தீங்கன்னா எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன்."

அவரும் போனார். அறையில் அவளும் கிழிசல் மூட்டைகளும்தான். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் அம்மாவின் பிள்ளை இல்லை, அப்பாவின் பிள்ளை, கத்த மாட்டான். "வெட்டிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்பான்.

சுவரோரம் கிடந்த ஜிப் இல்லாத பேண்டை எடுத்தாள். நாலு குடும்பமும் எதையாவது உடுத்த வேண்டுமே. ஊசியில் நூல் கோத்து, புது ஜிப் வைத்து, கண்ணைத் துடைக்காமலே மேலே பார்த்துப் பேசினாள்.

"கேட்ட, குடுத்துட்டேன். கோட்டையும் குடுத்தேன், வாயையும் மூடிக்கிட்டேன். ஆனா ஒண்ணு, முகமலர்ச்சி கிடையாது. வயிறெரிஞ்சுதான் குடுத்தேன். வேணும்னா எடுத்துக்கோ."

பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.