ஞானப்பாட்டு பாடாத ஓபோக்காரன்

எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை அம்புரோஸ் குவாஸ் யாரையும் நம்பமாட்டார். பிரசங்க நேரத்தில் கண்ணை மூடியிருப்பவன் ஜெபிக்கிறானா தூங்குகிறானா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். பெரும்பாலும் தூங்குகிறான் என்றுதான் சொல்வார். காணிக்கைப் பையில் பொத்தானைப் போட்டவன் யார் என்று, பை அடுத்த பெஞ்சுக்குப் போவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். மார்ட்டின் திருநாளுக்கு அவர் மனைவி சபீனா வாத்து வாங்கி வந்தால், அதன் அலகைப் பிளந்து பார்த்து, கிழட்டு வாத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பார். இருபத்திரண்டு வருடமாக மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கதவு பூட்டி வந்த மனிதர். உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் கதவைச் சரியாகச் சாத்துவதில்லை என்பது அவர் முடிவு.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு யோஸ்ட் ஹெல்பிக் என்ற ஓபோக்காரன் ஊருக்கு வந்தான். பட்டாளத்தில் ஓபோ என்ற மரக்குழலை ஊதிக்கொண்டிருந்தவன். ஊர் வாத்தியக்காரர் வேலைக்கு மே மாதத்திலிருந்து ஆறு மாதப் பரீட்சையில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வாத்தியம் நன்றாக வாசித்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. பரீட்சைக் காலம் முடியும்போது ஊர்ச் சபை கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கும். ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறானா? ஞானப்பாட்டு பாடுகிறானா? குடிக்கிறானா? குவாஸ் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாரோ அதுதான் தீர்ப்பு. தீர்ப்பு நாள் நவம்பரில் வந்தது. வேலை இல்லை என்றாகிவிட்டால், நிறைமாத மனைவியோடு அந்தக் குளிரில் ஹெல்பிக் வண்டி ஏற வேண்டியதுதான்.

முதல் ஞாயிறே வினை ஆரம்பித்துவிட்டது. சுவிசேஷம் வாசித்து முடிந்து மேல்மாடத்தில் பாட்டு எடுத்தார்கள். பாடகர் பாடத் தொடங்குவதற்கு முன்னால் ஓபோ தனியாகப் புறப்பட்டது. எக்காளம் போல அதட்டவில்லை, புல்லாங்குழல் போலக் கொஞ்சவும் இல்லை. அழுது முடித்த பிறகு மூக்கடைத்த குரலில் பேசுகிற மனுஷியின் பேச்சு மாதிரி இருந்தது. ஒரு சுரத்தைப் பிடித்து, விடமாட்டேன் என்று நிறுத்தி, கடைசியில் வேறு வழியில்லாமல் அதைக் கீழே இறக்கி வைத்தது. குவாஸுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

மெழுகுவத்திப் புகை என்று நினைத்தார். திங்கட்கிழமை போய் மெழுகுவத்திக்காரரோடு சண்டை போட்டார். அடுத்த ஞாயிறும் அதேதான். இந்த முறை வெங்காயம் என்று முடிவு செய்து, சனிக்கிழமை சமையலில் வெங்காயம் கூடாது என்றார்.

"வெங்காயம் இல்லாம முட்டைகோஸை எப்படிங்க வதக்குறது? உங்க கண்ணுல தண்ணி வருதுன்னு யார்கிட்டயாவது சொன்னா சிரிப்பாங்க" என்றாள் சபீனா. சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வயது ஏழு.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் லேனா, ஒன்பது வயதில், அம்மை போட்டு இறந்துபோனாள். அந்த நேரத்தில் குவாஸ் மணிக்கோபுரத்தில் மாலை மணி அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்து வீட்டுக்கு வந்தார், பார்த்தார், திரும்பப் போய் சாவு மணியையும் அவரே அடித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்த கல்லறை மண்ணை அன்றைக்கே கோவில் தரையிலிருந்து கூட்டித் தள்ளினார். அதைச் சபீனா வாசலில் நின்று பார்த்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் லேனாவின் பெயரை இருவருமே சொன்னதில்லை.

சொந்த மகளுக்கு வராத கண்ணீர், எவனோ ஒரு பட்டாளத்துக்காரனின் மரக்குழலுக்கு வருகிறது. அப்படியென்றால் அது நேர்மையான கண்ணீராக இருக்க முடியாது, அவன் என்னவோ செய்கிறான் என்று குவாஸ் நம்பினார். பாவம், அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஹெல்பிக்கைப் பார்க்க ஆரம்பித்தார். முதல் மாதமே பிடித்துவிட்டார். சபை முழுவதும் எழுந்து நின்று ஞானப்பாட்டு பாடும்போது அந்த ஒருவன் மட்டும் பாடவில்லை! வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைக்க, சும்மா நின்றான். எங்கள் ஊரில் பாட்டு வராதவன்கூட வாயையாவது அசைப்பான். ஞானப்பாட்டுக்கு வாயைத் திறக்காதவன் வேறு மார்க்கத்துக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த மார்க்கமும் இல்லாதவனாக இருக்க வேண்டும்.

ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டே விட்டார். "என்னப்பா, பாட்டு நேரத்துல வாயில கொழுக்கட்டையா?"

ஹெல்பிக் வாயைத் திறக்காமலே சிரித்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனான். குற்றவாளி என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

குளிர் தொடங்கியதும் அடுத்தது அகப்பட்டது. ஹெல்பிக் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து நீளமாக எதையோ அணைத்துக்கொண்டு வந்தான். பிரசங்க நேரத்திலும் அதை வெளியே எடுக்கவில்லை, அடிக்கடி கோட்டுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். போத்தல் என்று குவாஸுக்குச் சந்தேகமே இல்லை.

போதகரிடம் போய்ச் சொன்னார். போதகர் நிதானமானவர்.

"குவாஸு, பாடலைங்கிறீர். போத்தல்ங்கிறீர். போத்தலை நீர் பாத்தீரா?"

"கோட்டுக்குள்ள எப்படிங்கய்யா பாக்கறது?"

"அப்ப கையில பிடிச்சு ஏதாவது கொண்டு வாரும். வெறும் வாய்ப்பேச்சை வச்சு ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட முடியாது. வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஊர்ச் சபை கூடுது, நினைப்பிருக்கட்டும்."

சனிக்கிழமை பிற்பகல் மேல்மாடத்தில் ஒத்திகை முடிந்தது. முரசுகளை நகர்த்த ஹெல்பிக்கைக் கீழே கூப்பிட்டார்கள். அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. குவாஸ் பைக்குள் கையை விட்டார். போத்தல் இல்லை, உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தார். சின்னச் சின்ன நாணல் துண்டுகள் ஆறு. ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. சிவப்பு நூலை எதற்குக் கட்டுவார்கள் என்று எங்கள் ஊரில் தொட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கண்ணேறு, பில்லிசூனியம் சம்பந்தமில்லாமல் சிவப்பு நூல் கிடையாது. குவாஸ் பெட்டியைத் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோரும் இறங்கியதும் மாடத்தைப் பூட்டினார்.

ஞாயிறு காலை கதவைத் திறக்கும்போதே ஹெல்பிக் வாசலில் நின்றான். மேலே ஓடினான். பெஞ்சுக்கு அடியில், ஆர்கன் துருத்திக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடிவிட்டு வெளிறிப்போய் இறங்கி வந்தான்.

"கோயில்பிள்ளை ஐயா, ஒரு சின்னப் பெட்டி பாத்தீங்களா? என் சீவாளி மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு."

"சீவாளியா?"

"குழல் வாயில சொருகுற நாணலுங்க. அது இல்லாட்டி இது வெறும் கட்டை." கோட்டுக்குள்ளிருந்து அந்த நீளமானதை எடுத்தான். ஓபோதான். "குளிர்ல மரம் வெடிச்சிரும், அதான் நெஞ்சுச் சூட்டுல வச்சுக்கிட்டே திரியறேன். சீவாளியும் காஞ்சா ஊதாது. ஆராதனை ஆரம்பிச்சதுலருந்து வாயிலயே ஊற வச்சிருப்பேன். அன்னிக்குக் கொழுக்கட்டையான்னு கேட்டீங்கள்ல? வாயைத் திறந்தா விழுந்திரும், அதான் பதில் சொல்லல."

"அந்தச் சிவப்பு நூலு?" குவாஸின் நாக்கு முந்திக்கொண்டுவிட்டது.

நல்லவேளை, ஹெல்பிக் பதற்றத்தில் கவனிக்கவில்லை. "என் வீட்டுக்காரி கட்டினது. அவ தையல் பெட்டில அந்த நிறம்தான் இருந்துச்சு. வேற செய்யணும்னா நல்ல நாணல் பிரான்சுலருந்து வரணுங்க. இன்னிக்கு ஊர்ச் சபைக்காரங்க எல்லாரும் கேக்க வர்றாங்க."

குவாஸ் அவனை விடவில்லை. விட முடியவில்லை. "அப்ப அழ வைக்கிறது எப்படி? அதைச் சொல்லு."

ஹெல்பிக் விழித்தான். "நான் யாரையும் அழ வைக்கலையே ஐயா. வாசிக்கிறேன், அவ்வளவுதான். இதுல கஷ்டமே வேற. துவாரம் ரொம்பச் சின்னது. ஊதுற மூச்சுல கொஞ்சம்தான் உள்ள போகும். மிச்சம் நெஞ்சுலயே தங்கிரும். மத்த வாத்தியக்காரன் மூச்சு பத்தாம தவிப்பான். நாங்க பழைய மூச்சை வெளிய விட முடியாம தவிப்போம். அதை விட்டாத்தான் புதுசு எடுக்க முடியும். விடுற இடம் தெரியாதவனுக்கு ஓபோ வராது." பிறகு கெஞ்சினான். "பெட்டியைப் பாத்தீங்களா ஐயா?"

"இல்ல" என்றார் குவாஸ்.

கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்த் திருட்டையெல்லாம் பிடிக்கிறவர் சொந்தக் கையை எப்படிக் காட்டுவார்? ஒருவேளை இவன் சொல்வது முழுக்கப் பொய்யாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போய் மணியடித்தார்.

ஆராதனை தொடங்கியது. ஊர்ச் சபைக்காரர்கள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஞானப்பாட்டு எழுந்தபோது குவாஸ் வழக்கம்போல மேலே பார்த்தார். ஹெல்பிக் பாடிக்கொண்டிருந்தான். வாயில் ஊறப்போட எதுவும் இல்லை, அதனால் பாடினான். பட்டாளத்துக் கட்டைக் குரலில், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, ஒரு சரணம் விடாமல் பாடினான். ஆறு மாதமாகக் குவாஸ் பார்க்க விரும்பியது இதைத்தான். பார்த்தவர், அங்கிப் பையிலிருந்த பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் எழுந்து நிற்க, போதகர் அன்றைய சுவிசேஷத்தை வாசித்தார். இறந்துபோன ஒரு சிறுமி. தகப்பன் ஓடி வந்து ஆண்டவரைக் கூப்பிடுகிறான். துக்க வீட்டில் குழல் ஊதுகிறவர்களை ஆண்டவர் வெளியே போகச் சொல்கிறார். பிறகு சிறுமியின் கையைப் பிடிக்கிறார், அவள் எழுந்துவிடுகிறாள். ஒவ்வொரு வருடமும் இந்த வாசிப்பின்போது குவாஸ் காதை மூடிக்கொள்ளாத குறையாக மெழுகுவத்திகளை எண்ணுவார். இந்த முறை எண்ண முடியவில்லை. குழல்காரனை அவரும்தான் வெளியே தள்ளியிருந்தார். அவர் மகள் எழுந்து வரவில்லை.

சுவிசேஷம் வாசிக்கையில் அசைந்தவர்களைப் பெயர் சொல்லிப் போதகரிடம் காட்டிக்கொடுக்கும் அம்புரோஸ் குவாஸ், சுவிசேஷம் வாசிக்கையில் நடந்தார். சபை முழுதும் திரும்பிப் பார்த்தது. மாடப் படிகள் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டன. மேலே போய்ப் பெட்டியை ஹெல்பிக்கின் கையில் வைத்தார்.

"எங்க இருந்துச்சு?"

"என் பையில."

ஹெல்பிக் அவரை வெறித்துப் பார்த்தான். திட்டுவதற்கு நேரமில்லை. ஒரு சீவாளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பாட்டு வாத்தியாரிடம் இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டினான். ஆர்கன்காரர் முன்வாசிப்பை நீட்டினார். அவர் நீட்டிய நீட்டலில் முன் பெஞ்சில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

பிறகு ஓபோ கிளம்பியது. பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் குவாஸுக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஹெல்பிக் குழலைச் சற்று விலக்கி, தங்கிப்போன மூச்சை வெளியே விட்டான். ஒரு பெருமூச்சு. அதன்பிறகே அடுத்ததை இழுத்தான். இறங்கிப் போகலாம் என்றால் படி கிறீச்சிடும். குவாஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, தோள் குலுங்க அழுதார். கீழே பெண்கள் பெஞ்சிலிருந்து சபீனா நிமிர்ந்து பார்த்தாள்.

ஆராதனை முடிந்து ஊர்ச் சபை கூடியது. போதகர் கேட்டார்.

"ஆராதனைக்கு வர்றானா?"

"ஒருநாள் தவறினதில்ல."

"ஞானப்பாட்டு?"

"பாடுறான். இன்னிக்கு என் காதால கேட்டேன்."

"அந்தப் போத்தல்?"

"ஓபோங்கய்யா. குளிருக்குப் பயந்து கோட்டுக்குள்ள வச்சிருக்கான்." பிறகு கேட்காமலே சொன்னார். "அவன் பெட்டியை நான்தான் திருடினேன். எழுதிக்கோங்க."

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை உம்ம பேர்ல தனியா விசாரிக்கிறேன். இது ஹெல்பிக் விஷயம்." வேலை ஹெல்பிக்குக்குக் கிடைத்தது.

வீட்டில் சபீனா முட்டைகோஸ் சூப்பை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னிக்கும் மெழுகுவத்தியா?"

"இல்ல."

குவாஸ் கரண்டியை எடுத்தார், வைத்தார்.

"லேனா தண்ணி கேட்டா" என்றார். ஏழு வருடத்தில் அந்தப் பெயர் அந்த மேசையில் அன்றுதான் விழுந்தது. "கடைசியா என்கிட்டதான் கேட்டா. மணிக்கு நேரமாச்சு, வந்து தர்றேன்னு போயிட்டேன். வந்தப்ப அவ இல்ல. புள்ள தாகத்தோடயே போயிட்டா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அழறது?"

சபீனாவின் முகம் மாறியது. இவருக்கு மகள் மேல் பாசமே இல்லை என்று இத்தனை வருடமாக அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க கதவைச் சாத்திட்டுப் போனதும் நான் குடுத்தேங்க. ஒரு குவளை முழுக்கக் குடிச்சா. போதும்மான்னு சொன்னா. ஒரு தடவை என்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"