சாப்ட்டியாண்ணா?

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வந்து லாரி டிரைவர் தசரதனையே கேட்டுக்கொள்ளலாம். பேய், பிசாசு என்றாலே கிண்டலடித்துக்கொண்டிருந்த மனுஷன். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

தசரதனுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போதாமல் போன வருஷத்திலிருந்து ஊசி. அது மனைவி திரௌபதிக்கு மட்டும்தான் தெரியும். ராமன் என்ற முதலாளியிடம் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊசி விஷயம் அவர் காதுக்குப் போனால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார் என்று பயம். ஸ்டியரிங்கை விட்டால் தசரதனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. சாப்பாடு, உடம்பு என்று யார் விசாரித்தாலும் "ஆச்சு, ஆச்சு" என்று நழுவிவிடுவார்.

அன்றைக்கு பெங்களூரிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தார். கிளீனர் வேலைக்கு இப்போது யார் வருகிறார்கள்? குடோனில் முதலாளி நிற்பார், அங்கே ஊசியை எடுக்க முடியாது. அதனால் செங்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிக் குத்திக்கொண்டார். ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வந்துவிடும்; அரை மணியில் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைப்பு. அன்று பௌர்ணமி என்பதையே மறந்துவிட்டார். திருவண்ணாமலைக்காரருக்கு இதைவிட வெட்கம் உண்டா? கிரிவலக் கூட்டம், லாரியை உள்ளே விடமாட்டோம் என்று போலீஸ் மறித்துவிட்டது.

வரிசையில் நின்றே ஒரு மணி நேரம் போனது. திருப்பிக்கொண்டு போகச் சொன்னபோது மணி ஏழு பத்து. பக்கத்தில் ஒரு மண்பாதை. அதில் பின்னால் விட்டுத் திருப்ப வேண்டும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இடது ஜன்னல் பக்கம் ஒரு குரல்.

"சாப்ட்டியாண்ணா?"

யாரோ அன்னதானக்காரர் போலிருக்கிறது.

"ஆச்சுப்பா," என்றார் வழக்கம்போல.

தட் தட்.

பின்னால் யாரோ வண்டியைத் தட்டினார்கள். லாரிக்காரர்களுக்குக் கண்ணாடியைவிடக் கிளீனரின் தட்டுதான் கண். இரண்டு தட்டினால் வா. ஒன்று தட்டினால் நில். யாரோ புண்ணியவான் உதவுகிறான் என்று ரிவர்ஸில் போட்டார்.

தட் தட்... தட் தட்...

இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஆள் இல்லை.

தட் தட்...

வண்டி போய்க்கொண்டே இருந்தது. கண் இருட்டியது. பிரேக்கில் வைத்த கால் மரத்துக் கிடந்தது.

மறுபடி அதே குரல். இப்போது கேபினுக்குள்ளே... காதுக்குப் பக்கத்தில்.

"ஊசி போட்டியே... சாப்ட்டியாண்ணா?"

சீட்டில் யாரும் இல்லை.

இந்த முறை தசரதனால் நழுவ முடியவில்லை.

"இல்லப்பா... சாப்புடல."

தட்!

ஒரே தட்டு.

காலுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது.

நடந்து வந்துகொண்டிருந்த பக்தர்கள்தான் அவரைக் கீழே இறக்கி, வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார்கள். தெளிந்ததும் வண்டியைத் தட்டியது யார் என்று கேட்டார். பின்னால் யாருமே இல்லையே என்றார்கள். எழுந்து போய்ப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

மறுநாள் ராமனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊசியை, கிணற்றை, குரலை. சொல்லி முடித்துச் சாவியை மேஜைமேல் வைத்தார். பிழைப்பு போனது என்றே நினைத்தார். ராமன் முகம் வெளுத்துவிட்டது.

"வேற வண்டி தரேன், ஓட்டு. நேரத்துக்குச் சாப்புடு. அந்த வண்டியத் தொடாத."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த லாரியை முன்பு ஓட்டியவர் முருகவேல். அவரும் சர்க்கரைக்காரர், ஊசியை மறைத்தவர். கிளீனர் காசிக்கு மட்டும் தெரியும். இதே இடத்தில் வண்டியைத் திருப்பும்போது முருகவேல் மயங்கி, கால் ஆக்சிலரேட்டரிலேயே அழுந்திவிட்டது. பின்னால் நின்று தட்டிக்கொண்டிருந்த காசியைத் தள்ளிக்கொண்டு வண்டி கிணற்றில் இறங்கிவிட்டது. காசி போய்விட்டான்; பிழைத்த முருகவேல்தான் ராமனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பின்னாடி தட்ட எறங்கிப் போறதுக்கு முன்னாடி காசி கேட்டிருக்கான்," என்றார் ராமன். "முருகவேலு, சாப்ட்டேன்டான்னு பொய் சொல்லிட்டான்."